போதுமான எண்ணிக்கையில் கழிப்பறைகள்

சார், அந்த ஸ்வீட் பாக்ஸைக் கொஞ்சம் குடுங்களேன். பயப்படாதீங்க, திங்கமாட்டேன், எனக்குச் சுகர். மூடியை மட்டும் மோந்து பாத்துட்டுத் தந்துருவேன்.

பாத்தீங்களா, வாடையே இல்ல. அப்ப இது தவமணியம்மா கம்பெனி பாக்ஸ்தான். அடியில பாருங்க, பொடி எழுத்துல சிவகாசின்னு போட்டிருக்கும். போட்டிருக்கா? நான் சொல்லல?

இந்தாங்க, பத்திரமா வச்சுக்கங்க. இந்தப் பாக்ஸுக்குப் பின்னாடி என் ரத்தம் இருக்கு சார். நிஜ ரத்தம் இல்ல, ரத்தம் இருந்தா ஆடிட்ல ஃபெயில் பண்ணிருவான். உழைப்பைச் சொல்றேன். பஸ் சென்னை போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கு, உங்களுக்கும் தூக்கம் வர்ற மாதிரி தெரியல. கேளுங்க.

என் பேரு சற்குணம். தொழில் கன்சல்டன்ட். என்ன கன்சல்டன்ட்டுனு கேக்கறீங்க. இப்ப சாப்பாட்டுச் சாமானைச் சுத்தமா செஞ்சா மட்டும் பத்தாது. அதை வைக்கிற டப்பா, கவர், அட்டைப்பெட்டி, கப்பு எல்லாம் சுத்தமான இடத்துல செஞ்சதுதான்னு ஒரு சர்டிபிகேட் வேணும். பெரிய கடைக்காரங்க அது இல்லாம வாங்கமாட்டாங்க. அந்த சர்டிபிகேட்டை வாங்கிக் குடுக்கறது நான். கொடுக்கறது வேற கம்பெனி, சோதிக்க ஆடிட்டர் வருவாரு, அவரு வர்றதுக்குள்ள கம்பெனியைத் தயார் பண்ணி வைக்கிறது என் வேலை. கல்யாணத்துக்குப் பொண்ணை அலங்காரம் பண்ற மாதிரினு வச்சுக்கங்களேன். அலங்காரம் பண்றவன்கிட்ட வந்து, பொண்ணு நல்லா சமைக்குமானு கேக்கலாமா? தவமணியம்மா கேட்டுச்சு சார்.

அந்தம்மா கம்பெனி சாத்தூர் ரோட்டுல இருக்கு. ஸ்வீட் பாக்ஸ் மட்டும்தான். ஒரு பக்கம் பிரிண்டிங், ஒரு பக்கம் வெட்டு, ஒரு பெரிய ஹால்ல பொம்பளைங்க உக்காந்து மடிச்சு ஒட்டுவாங்க. வீட்டுக்காரர் மதுரையில பேங்க்ல இருக்கார். இது அந்தம்மாவே லோன் போட்டு ஆரம்பிச்சது. போன வருஷம் ஆனி மாசம் எனக்கு போன். பெரிய ஸ்வீட் கடை ஒண்ணு, ஊருக்கு ஊரு கிளை இருக்கு, பேரு வேண்டாம், அவங்க தீபாவளி ஆர்டர் வருஷா வருஷம் இந்தம்மாவுக்குத்தான். திடீர்னு சொல்லிட்டாங்களாம், சர்டிபிகேட் இருந்தாத்தான் இந்தத் தடவை ஆர்டர்னு.

"கவலையே படாதீங்க மேடம், ஃபைல் என்னுது, ஆளுங்களுக்கு டிரெய்னிங் என்னுது, ஆடிட்டரைப் பாத்துக்கறதும் என்னுது. நீங்க சுவர்ல ஒரு ஆணி மட்டும் அடிச்சு வைங்க, மாட்டறதுக்கு"ன்னேன். எல்லாரும் இதைக் கேட்டுச் சிரிப்பாங்க. அந்தம்மா சிரிக்கல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

ஃபைல் குடுத்தேன், கம்பெனியில எந்த வேலை எப்படி நடக்குதுனு எழுதினது. நல்ல தடியான ஃபைல், கலர் பிரிப்பு அட்டையெல்லாம் போட்டு. அதை யாரும் படிக்கமாட்டாங்க சார். ஓனர் படிக்கமாட்டாரு, ஆடிட்டர் புரட்டுவாரு, அவ்வளவுதான். அந்தம்மா உக்காந்து படிச்சிருக்கு. நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டு, "சார், இதுல கோழியை அறுக்குறதுக்கு முன்னாடி மயக்கம் குடுக்கணும்னு போட்டிருக்கே, நம்மகிட்ட ஏது சார் கோழி?"ங்குது.

அது நாமக்கல் பக்கம் ஒரு கறிக்கோழி கம்பெனிக்கு நான் செஞ்ச ஃபைல். பேரை மாத்தினேன், முகவரியை மாத்தினேன், கோழி ரெண்டு மூணு எடத்துல தங்கிருச்சு. மனுஷன்தானே. "இருக்கட்டும் மேடம், ஃபைல்ல விஷயம் கூட இருந்தா ஆடிட்டருக்கு மரியாதை வரும்"னேன்.

"நாம செய்யறதை எழுதினாப் போதும் சார். எழுதினதைச் செய்யணும்ல?"

கேட்டீங்களா? எழுதினதைச் செய்யணுமாம்! இத்தனை வருஷத்துல ஒரு கம்பெனியில ஒருத்தர்கூட என்னை அந்தக் கேள்வி கேட்டதில்ல. சரி, எடுத்துடறேன்னு சொல்லி வச்சேன். எங்க எடுக்கறது, எனக்கு அப்ப வேற ரெண்டு கம்பெனி ஆடிட் வேற இருந்துச்சு.

அடுத்து டிரெய்னிங். ஒட்டுற பொம்பளைங்களை வரிசையா நிக்க வச்சு, கை கழுவுறது எப்படினு சொல்லிக் குடுத்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண். ஆடிட்டர் கேட்டா டக்குனு செஞ்சு காட்டணும். தண்ணி இல்லாமலே காத்துலயே கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பழக வச்சேன் சார். என்ன அழகு தெரியுமா, டான்ஸ் மாதிரி இருக்கும். சண்முகக்கனினு ஒரு பொண்ணு, ஒட்டுறதுல கை ரொம்ப வேகம், அதுதான் முதல் வரிசை. அது கேட்டுச்சு, "சார், நெசமா எங்க போய்க் கழுவ?"

இருந்தது பின்பக்கம் ஒரே ஒரு கக்கூஸ். தாழ்ப்பாள் கிடையாது. தண்ணி வேணும்னா முன்பக்கத் தொட்டியில இருந்து வாளியில தூக்கிட்டுப் போகணும். அதுக்கு ஆம்பளைங்க மெஷின் ஓட்டுற எடத்தைத் தாண்டிப் போகணும். பொம்பளைங்க யாரும் போகமாட்டாங்க. காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான் சார், இது ஒண்ணும் உலக அதிசயம் இல்ல. ஸ்டாண்டர்டுல, அதான் சர்டிபிகேட்டுக்கு உண்டான விதிப்புத்தகம், அதுல என்ன போட்டிருக்கு? "போதுமான எண்ணிக்கையில் கழிப்பறைகள்". நல்லா கவனிங்க, போதுமான. யாரும் போகலேன்னா ஒண்ணே போதும்தானே? அதை நான் அந்தம்மாகிட்ட விளக்கமா சொன்னேன்.

நான் கேட்டது ஒரே ஒரு செலவுதான். வாசல்ல ஏர் கர்ட்டன். மேல இருந்து காத்து அடிக்கும், ஈ உள்ள வராது. ஆடிட்டர் உள்ள நுழையறப்பவே தலைமுடி பறக்கும், அதுலயே பாதி மார்க் விழுந்துரும். என் மச்சான்தான் அதை விக்கிறான், அதுக்காகச் சொல்லல, பொருள் நல்ல பொருள். அந்தம்மாவும் சரின்னுச்சு. அட்வான்ஸ் குடுக்கற நேரத்துல இந்தச் சண்முகக்கனி போய்ப் படுத்துருச்சு.

காய்ச்சல், முதுகுவலி, மதுரை ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ஏதோ கிட்னியில சீழ்னாங்க. பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கென்னனு நான் விசாரிக்கல. தவமணியம்மா பாக்கப் போயிருக்கு. டாக்டர் அந்தப் பொண்ணை, "தண்ணியே குடிக்கமாட்டியாமா?"னு திட்டியிருக்காரு. அது சொல்லியிருக்கு, "குடிச்சாப் போகணுமே டாக்டர்"னு.

அவ்வளவுதான் சார். அந்தம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளு கொத்தனார் வந்துட்டான். ஏர் கர்ட்டன் காசு மொத்தமும் கக்கூஸுல போச்சு. ஒட்டுற ஹாலை ஒட்டினாப்புல தனி வாசல் வச்சு, வரிசையா கக்கூஸ், தாழ்ப்பாள், மேல டேங்க், வெளிய கை கழுவ நீளமா தொட்டி, குழாய், சோப்பு. டைல்ஸ் வேற! நான் தலையில அடிச்சுக்கிட்டேன். "மேடம், ஆடிட்டர் பாக்கறது முன்வாசல். நீங்க பின்வாசல்ல போய்ப் பணத்தைக் கொட்டறீங்களே."

அந்தம்மா சொல்லுச்சு, "பாக்ஸைத் தொடறது இவங்க கை சார். ஈயைப் பத்தி அப்புறம் பாப்போம்."

என் மச்சான் என்கூட ஒரு மாசம் பேசல.

அது போகட்டும். பெரிய கூத்து இனிமேத்தான். ஆவணி கடைசியில ஆடிட் தேதி குடுத்துட்டாங்க. அதே சமயத்துல ஸ்வீட் கடைக்காரங்க, சர்டிபிகேட் வந்துரும்கிற நம்பிக்கையில முதல் லோடு பாக்ஸ் அடிக்கச் சொல்லிட்டாங்க. கரும்பச்சை டிசைன், மேல தங்கக் கலர்ல மயில். அவசரத்துல மை காயறதுக்குள்ள அடுக்கிட்டாங்க போல. ஆடிட்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி போறேன், வேலை நின்னு கெடக்கு. தவமணியம்மா ஒரு பாக்ஸுல மைசூர்பாகு போட்டு மூடி ராத்திரி முழுக்க வச்சிருந்து, காலையில எடுத்து ஆளுக்கொரு துண்டு குடுத்துக்கிட்டிருக்கு. ஒவ்வொருத்தரும் வாயில போட்டுட்டு மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. எனக்கும் ஒரு துண்டு. மண்ணெண்ணெய் வாடை அடிச்சுது, இல்லேங்கல. ஆனா நான் கேக்கறேன், மைசூர்பாகு எந்த ஸ்டாண்டர்டுல சார் இருக்கு?

"மேடம், ஜனங்க ஸ்வீட்டைத்தான் தின்னுவாங்க. பாக்ஸையா தின்னப் போறாங்க?"

"வாடை ஸ்வீட்டுக்குள்ள போயிருச்சே சார். குழந்தைங்க தின்னுமே."

நான் விடல. தொழில் தெரிஞ்சவன் இல்லையா, வழி சொன்னேன். ஃபேனைப் போட்டு ஆத்திட்டு, உள்பக்கம் லேசா ஏலக்காய் எசென்ஸ் தெளிச்சுட்டா வாடை அமுங்கிரும், ஸ்வீட்டுக்கும் ஒரு மணம் கூடும். அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஏதோ நான் விஷம் வைக்கச் சொன்ன மாதிரி. சரி, அதுவும் வேண்டாமா, ஆடிட் முடியற வரைக்கும் அந்த லோடைப் பக்கத்துல காலண்டர் கம்பெனி குடோன்ல மறைச்சு வைப்போம்னேன். கேக்கல. ஹால் நடுவுல வச்சு, சுத்திச் சிவப்பு நாடா கட்டி, "வாடை அடிக்குது. விக்கக் கூடாது"னு பெருசா எழுதி வச்சுட்டாங்க. வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு வாசல்ல கடன்காரனை நாற்காலி போட்டு உக்கார வச்ச மாதிரி.

ஆடிட்டர் பேரு நீலமேகம். கறாரான ஆளு, ஆனா சாப்பாட்டுப் பிரியர். இந்தத் தொழில்ல யாருக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கறதுதான் சார் படிப்பே. முந்தின நாள் சாயங்காலம் விருதுநகர் ஸ்டேஷன்லயே காரை வச்சுக் காத்திருந்து, நேரா கூட்டிட்டுப் போய் எண்ணெய் புரோட்டா, மட்டன் சுக்கா, குடல் குழம்பு, முட்டைக் கறினு வாங்கி வச்சேன். எனக்கு அன்னிக்குக் கிருத்திகை, ரெண்டு இட்லியோட நிறுத்திக்கிட்டேன். மனுஷன் வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டாரு. "சற்குணம், உங்க ஏற்பாடுனா ஏற்பாடுதான்யா"ன்னாரு. எனக்கு அப்பவே சர்டிபிகேட் கையில வந்துட்ட மாதிரி இருந்துச்சு.

மறுநாள் காலையில வர்றாரு, முகம் வெளுத்துக் கெடக்கு. வாசல்ல ஈ ஓட்டுற மெஷின் எங்கேனு கேப்பாருனு நான் பயந்துக்கிட்டிருக்கேன். அவரு கேட்ட முதல் கேள்வி, "டாய்லெட் எங்க இருக்கு?"

போனாரு. வந்தாரு. உக்காந்து ஃபைலைத் திறந்தாரு. மறுபடி எந்திரிச்சுப் போனாரு. பாதி ஆடிட் அங்கேதான் சார் நடந்துச்சு. ஒவ்வொரு தடவை வெளிய வர்றப்பவும் தொட்டியில நின்னு சோப்புப் போட்டு நிதானமா கை கழுவிட்டு வர்றாரு. அதுக்கு நேரா நின்ன சண்முகக்கனிகிட்ட, உடம்பு தேறி வேலைக்கு வந்திருந்துச்சு, "நீங்க எப்படிம்மா கை கழுவுவீங்க?"னு கேட்டாரு. எனக்கு உயிர் வந்துச்சு. இதுக்குத்தானே அத்தனை டிரெய்னிங்! கண்ணைக் காட்டினேன், ஆரம்பினு.

அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "முன்னாடி கழுவமாட்டோம் சார். தண்ணி கிடையாது. சற்குணம் சார் சும்மா காத்துல தேய்க்கச் சொல்லிக் குடுத்தாரு. இப்பதான் தண்ணி வருது, கழுவறோம்."

ஆடிட்டர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. திட்டத் தெம்பு இல்ல. தவமணியம்மா உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணி குடுத்துச்சு. அதைக் குடிச்சுட்டு சிவப்பு நாடா கட்டின எடத்துக்குப் போனாரு. இது என்னனு கேட்டாரு. அந்தம்மா மைசூர்பாகுல இருந்து ஒண்ணு விடாம சொல்லிருச்சு. என் ஏலக்காய் எசென்ஸை மட்டும் விட்டுருச்சு, அதுவரைக்கும் நல்ல மனசுதான்.

கடைசியில ஃபைலுக்கு வந்தாரு. பாதி புரட்டியிருப்பாரு, கை நின்னுச்சு. "ஏம்மா, இங்க கோழியை எங்க வச்சு அறுக்கறீங்க?"ன்னாரு. கோழினு சொன்னதும் என்ன ஞாபகம் வந்துச்சோ, வாயைப் பொத்திக்கிட்டு மறுபடி உள்ள ஓடினாரு.

சாயங்காலம் ரிப்போர்ட். இடம் சரி. ஆளுங்க சரி. வாடை அடிச்ச பாக்ஸை நிறுத்தி வச்சது ரொம்பச் சரி, அதைத் தனியா பாராட்டியே எழுதிட்டாரு. ஃபைல்தான் தப்பாம்! செய்யறது ஒண்ணு, எழுதியிருக்கறது வேறயாம். ஃபைலைப் புதுசா எழுதினப்புறம்தான் சர்டிபிகேட்னுட்டாரு. என் ஃபைல் சார்! எத்தனை கம்பெனிக்குப் பாஸ் ஆன ஃபைல்! நான் காருல கொண்டு விடறப்ப, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க"னு கேட்டேன். "சற்குணம், இத்தனை வருஷமா ஊர் ஊரா போறேன். எந்தக் கம்பெனி டாய்லெட்லயும் நான் கால் வச்சதில்ல, லாட்ஜுக்கு வந்துருவேன். நேத்து நீங்க வாங்கிக் குடுத்த புரோட்டாவாலதான் இன்னிக்கு ஒண்ணை ஒழுங்கா பாத்தேன்"னாரு. பாராட்டறாரா, திட்டறாரானு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

தீபாவளி ஆர்டர் போச்சு. வேற கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. அந்தம்மா வாடை அடிச்ச லோடு முழுசையும் கூழாக்கப் போட்டுருச்சு, பெரிய நஷ்டம். பொம்பளைங்களுக்கு போனஸ் பாதிதான். எனக்கு மனசு கேக்கல. நாமளும் மனுஷன்தானே, ஒரு நாலு பேருக்கு உண்மை தெரியட்டும்னு கம்பெனி விடற நேரத்துல வாசல்லயே நின்னு சண்முகக்கனியைப் பிடிச்சேன். "பாத்தியாம்மா, உங்க ஓனரம்மா பண்ணின கூத்துல போனஸ் போச்சே"ன்னேன்.

அது கையில ஒரு பாட்டில் வச்சிருந்துச்சு. பாதி காலி. அதைத் தூக்கிக் காட்டி, "சார், நான் இப்பத் தண்ணி குடிக்கிறேன் சார்"னுட்டுப் போயிருச்சு.

இது ஒரு பதிலா? நான் போனஸைக் கேக்கறேன், அது தண்ணியைச் சொல்லுது. படிக்காத ஜனங்க சார், நல்லது கெட்டது சொன்னா ஏறாது.

அப்புறம் என்ன, அந்தம்மாவும் அந்தப் பொம்பளைங்களும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து ஃபைலைத் தமிழ்ல எழுதியிருக்காங்க. என்னைக் கூப்பிடல. மெலிசா, பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டு மாதிரி. அதுக்குத் தை மாசம் சர்டிபிகேட் வந்துருச்சு. தீபாவளிக்கு வேற கம்பெனி பாக்ஸ் வாங்கின ஸ்வீட் கடைக்காரங்களுக்கு, லட்டுல பெயின்ட் வாடைனு ஊரெல்லாம் புகார். பொங்கல் கழிச்சு அவங்களே அந்தம்மாவைத் தேடி வந்தாங்க. இப்ப உங்க மடியில இருக்கே, அது அந்த ஆர்டர்தான். விதை போட்டது யாரு? நான். எங்கேயாவது என் பேரு இருக்கா? அடியில திருப்பிப் பாருங்க. இருக்காது.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம் சார். சாத்தூர் ரோட்டுல இப்ப மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் அந்தம்மாகிட்ட யோசனை கேக்கப் போறாங்க. அது என் நம்பரைக் குடுக்கலாம்ல? கொத்தனார் நம்பரைக் குடுக்குது! அவன் இப்ப கைநிறைய வேலை வச்சிருக்கான். போன வாரம் எதிர்ல பாத்தேன், புது வண்டி. "என்ன சார், நல்லாருக்கீங்களா"னு நிறுத்தி விசாரிக்கிறான். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

நான் ஒண்ணும் ஓய்ஞ்சு போகல. சிவகாசி இல்லேன்னா உலகமே இல்லையா? சென்னையில தண்ணி கேன் கம்பெனிக்காரர் ஒருத்தர் வரச் சொல்லியிருக்காரு. ரொம்ப நல்ல மனுஷன். ஃபைலை எடுத்துட்டு வாங்க, கையெழுத்து எங்கனு மட்டும் காட்டுங்கன்னாரு. அந்த மாதிரி ஆளுங்களை நம்பித்தான் தொழில் ஓடுது.

அட, பஸ்ஸை ஓரம் கட்டுறான். மோட்டல் வந்துருச்சு. இறங்குங்க சார், காலை நீட்டி மடக்கிட்டு ஒரு டீ சாப்பிடலாம். டீ பரவாயில்ல, கொதிக்கிற சாமான்தானே. சட்னி பக்கம் மட்டும் போயிராதீங்க.

பாத்ரூமா? ஐயையோ, உள்ள போகாதீங்க, காலே வைக்க முடியாது. அந்தா, லாரி நிக்குதுல்ல, அதுக்குப் பின்னாடி முள்ளுக்காடு. ஆம்பளைங்க எல்லாம் அங்கதான் போறாங்க.

லேடீஸா? அவங்க இறங்கவேமாட்டாங்க, திரும்பிப் பாருங்க. சீட்லயே உக்காந்திருக்காங்க பாத்தீங்களா? பழகிக்கிட்டாங்க சார்.

கல்லாவுக்கு மேல கண்ணாடி போட்டு, மாலை போட்டு, சுத்தத்துக்கு ஒரு சர்டிபிகேட் மாட்டியிருக்கான், அதைப் பாத்து ஏமாந்துறாதீங்க. இவன் லட்சணம் எனக்குத் தெரியாதா? வாங்கிக் குடுத்ததே நான்தானே.